ஒரு விதைக்கான ரசீது

நான் வேலி எழுதுபவள்.
உள்ளே என்ன பயிர் என்று
எவரும் எனக்குச் சொல்வதில்லை.
சொல்லக் கூடாது என்று எழுதியதே நான்தான்.

எங்க்ஹாய்சன் துறைமுகத்துக்குப் பின்னால்
சைக்கிள் கடைக்கு மேலே என் அலுவலகம்.
சன்னலைத் திறந்தால் ஏரிக்காற்று,
மூடினால் பிரிண்டரின் சூடு.
இரவில் கண்ணாடி வீடுகளின் விளக்குகள்
மேகத்தின் அடிவயிற்றை ஆரஞ்சாக்கும்.
அந்த வெளிச்சத்தில்தான் ஒரு தக்காளி
பதினோரு வருடமாகப் பெயரில்லாமல் வளர்ந்தது.
ஒப்பந்தத்தில் அதற்கு நான் வைத்த பெயர்:
தகவல்.

"எழுத்திலோ, பேச்சிலோ, பார்வையிலோ,
வேறெந்த வடிவிலோ..."
வேறெந்த என்பது
என் சமையலில் உப்பு.
அது குறைந்த ஒப்பந்தத்தை
எதிர்த்தரப்பு ருசித்துச் சாப்பிட்டுவிடும்.

சிரிக்கலாம். ஆனால்
வேலையற்றுப் பிறந்த தாளில்லை இது.
முன்பொரு வசந்தத்தில் விருந்தாளி ஒருவர்
செடி வரிசைகளுக்கிடையே மெல்ல நடந்து
பூத்ததையெல்லாம் பாராட்டி
கால்சட்டை மடிப்பில் ஏழு விதைகளோடு
விமானம் ஏறிப் போனார்.
இரண்டாம் கோடையில் அதே பழம்
இன்னொரு நாட்டுச் சந்தையில், பாதி விலையில்.
நிறுவனத்தின் மார்லூஸ் பெய்ல்
என் எதிரே வந்து உட்கார்ந்தாள். அழவில்லை.
"ஒன்பது வருடம்" என்றாள்.
காப்பி ஆறிய பிறகு மறுபடி,
"ஒன்பது."

அன்றிலிருந்து வாசலில்
செருப்புறையும் என் தாளும்
சேர்த்தே தரப்படுகின்றன.

சீவர்ட் காஹ்மன் விலகியபோது
ஒரு அட்டைப்பெட்டியோடு படியேறி வந்தார்.
குறிப்பேடுகள் பதினான்கு, மடிக்கணினி,
சாவி அட்டை, பேனாக்கத்தி ஒன்று.
ஷரத்து ஏழு: அனைத்தையும் திருப்பித் தருக,
அல்லது அழித்துவிடுக.
"இது?" என்று மூக்கைத் தொட்டார்.
இலையைக் கசக்கி முகர்ந்தால்
எந்தச் செடி வாடல் நோய்க்குத் தாங்கும் என்று
அவருக்குத் தெரிந்துவிடுமாம்.
வரிவரியாகத் தேடினேன்.
என் வேறெந்தவுக்குள்
மூக்கு அடங்குமா, அடங்காதா?
அடங்காது என்றேன்.
அப்படிச் சொல்ல எனக்குச் சம்பளம் இல்லை.

"ஐந்து வருடம் வாய்ப்பூட்டு.
மனைவியிடமும் கூடாதா?"
"மனைவியிடமும்."
"நல்லவேளை, அவளுக்குத் தக்காளியே ஆகாது."
கையெழுத்துப் போட்டுவிட்டு
அணைக்கு அப்பாலிருக்கும் போட்டிக் கம்பெனிக்கு
சைக்கிளில் போனார், எதிர்காற்றில்.

ஏழு வாரம் கழித்து, ஈஸ்டர் விடுமுறை முடிந்த காலை,
பதிவுத் தபாலில் ஒரு உறை.
"துணி துவைக்கும் இயந்திரத்தின் வடிகட்டியில் இருந்தது.
என் பழைய வேலைச்சட்டையிலிருந்து வந்திருக்க வேண்டும்.
முப்பது டிகிரியில்தான் துவைத்தோம்.
உங்களுடையது. வணக்கம்."
ஈரக் காகிதத்தில் சுற்றி
ஒரே ஒரு விதை.

என் தொழில் வாழ்க்கையில்
அவ்வளவு சின்ன ரசீது எழுதியதில்லை.
பெறப்பட்டது: விதை. எண்ணிக்கை: ஒன்று.
நிலை: என்று எழுதி, நிலையைப் பார்க்க
காகிதத்தைப் பிரித்தேன்.
நான்கு நாள் விடுமுறையில், தபால் பையின் இருட்டில்,
விதை வெள்ளையாக ஒரு வேர் விட்டிருந்தது,
நகத்துண்டின் அளவுக்கு வளைந்து.

அது எங்கும் கையெழுத்திடவில்லை.

மார்லூஸுக்குப் போன் செய்தேன்.
நீண்ட நேரம் பேச்சில்லை.
பின்னணியில் விசிறிகளின் இரைச்சல்.
"அழித்துவிடுங்கள்.
அழித்ததற்குச் சான்றிதழ் அனுப்புங்கள்" என்றாள்.
பிறகு, வைக்கும் முன்,
"வேர் நேராக இருக்கிறதா?" என்று கேட்டாள்.

சான்றிதழை அன்றே அனுப்பினேன்.
முத்திரை சற்றுக் கோணல்.
சன்னல் விளிம்பில் இப்போது
கைப்பிடி உடைந்த காப்பிக் கோப்பை ஒன்று நிற்கிறது.
அதில் என்ன இருக்கிறது என்று
என்னைக் கேட்காதீர்கள்.